நாங்கள் சாப்பிட்ட கடும்பு

மச்சான்,

இன்று இரவு ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண்மணி எழும்பிப் போய் வேறு இருக்கையில் அமர்ந்தார். காரணம் என் ஜாக்கெட். பல்கலைக்கழக வகுப்பு முடிந்து மாட்டுப் பண்ணையில் வேலை செய்துவிட்டு வருகிறேன். அந்தப் புளித்த சோளத் தீவன மணம் எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. நீ இருந்திருந்தால், "நல்லதாப் போச்சு, காலை நீட்டு" என்று தமிழில் சத்தமாகச் சொல்லியிருப்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரியான அலுப்பு.

பல்கலைக்கழகத்துக்கு நேரே போக எங்கள் இரண்டுபேரின் புள்ளிகளும் போதவில்லை. ஹனோவருக்குப் பக்கத்தில் வேளாண் வணிகம் படிப்பிக்கும் தொழிற்கல்லூரியைக் கண்டுபிடித்தவன் நீதான். முதல் வருடம் பண்ணையில் பயிற்சி, இரண்டாம் வருடம் வகுப்பு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். படித்து முடித்ததும் தயிர் செய்து தமிழ்க் கடைகளுக்குப் போடுவது உன் திட்டம். "மாடு பாக்கவோ உன்னை ஜேர்மனியில பெத்தனான்?" என்று உன் அம்மா கேட்டார். "மாடு பாக்க இல்லையம்மா, மாட்டின்ர கணக்குப் பாக்க" என்றாய். முதல் வருடம் முழுக்க நாங்கள் சாணிதான் அள்ளினோம்.

வேண்டிய பாலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது அன்றாடம் கறந்து தொட்டியில் விடும் பாலை. நீ பிரீசரைத் திறந்து, மஞ்சளாக உறைந்திருந்த போத்தல்களைக் கண்டுவிட்டாய். பசு கன்று போட்டதும் கறக்கும் கடும்புப்பால். எங்கள் வீடுகளில் அது ஆசைப்பட்டாலும் கிடைக்காத சாமான். இருந்த அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போனாய். உன் அம்மா சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்தார். அன்றுதான் முதன்முதலாக அவர் உன் படிப்பை ஏசவில்லை. "இப்பிடியெண்டால் படிக்கட்டும்" என்று எனக்கும் இன்னொரு துண்டு வைத்தார்.

அடுத்த கிழமை ஒரு பசு கன்று போட்டுவிட்டுச் செத்துப்போனது. பண்ணைக்காரர் பிரீசரைத் திறந்தார், ஒன்றுமில்லை. தாயில்லாத கன்றுகளுக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த பால் அது. சில மணித்தியாலத்துக்குள் கடும்பு குடிக்காவிட்டால் கன்று தப்புவது கஷ்டம். நீ உடனேயே, நான்தான் கொண்டுபோனேன், வீட்டில் சாப்பிட்டுவிட்டோம் என்றாய். "சாப்பிட்டீர்களா?" என்று அவர் திரும்பவும் திரும்பவும் கேட்டார். பயிற்சிப் புத்தகத்தில் அவர் கையெழுத்து வைக்காவிட்டால் எங்களுக்கு இரண்டாம் வருடமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. "காரை எடு மச்சான், கண்டுக்குட்டியைப் பாப்பம் முதல்ல" என்றாய் நீ. அயல் பண்ணைகளின் கதவுகளைத் தட்டி, கடைசியில் ஒரு போத்தல் வாங்கி, உறைந்த பாலை உன் ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வந்தாய். கன்று குடித்தது. அவர் கையெழுத்தும் வைத்தார், பிரீசருக்குப் பூட்டும் போட்டார்.

இரண்டாம் வருடத்தையும் ஒன்றாகவே முடித்தோம். பல்கலைக்கழக அனுமதி இரண்டுபேருக்கும் கிடைத்தது. அதன்பிறகுதான் உன் இரத்தத்தில் நோய் என்றார்கள். நான் தனியே வகுப்புக்குப் போனேன், சனி ஞாயிறுகளில் ஆசுப்பத்திரியில் உன்னிடம் வந்தேன். கடைசியாகக் கதைத்த அன்று, "உனக்கும் சேர்த்து நான் முடிக்கிறன்" என்று பெரிய மனிதன்போலச் சொன்னேன். நீ சிரித்தாய்.

"விசரா, எனக்காண்டி ஒண்டும் படிக்காதை. அலுத்தால் விட்டிட்டுப் போ. நான் கோவிக்க மாட்டன்."

அந்தச் சொல்தான் இப்போது என்னைப் போட்டு வதைக்கிறது. முடிக்கச் சொல்லியிருந்தால் உன்னோடு கோபித்துக்கொண்டு எப்போதோ விட்டிருப்பேன். இந்தக் கிழமை விட்டுவிடத்தான் நினைத்தேன். பகலில் வகுப்பு, பின்னேரத்தில் மாடு, பக்கத்தில் நீயும் இல்லை. ஆனால் யாரைச் சாட்டி விடுவது? உனக்காகப் படிக்கிறேன் என்று சொல்லவும் வழியில்லாமல் போனபிறகு யோசித்துப் பார்த்தால், எனக்கே இந்தப் படிப்புப் பிடித்திருக்கிறது. பெரிய கரைச்சல் மச்சான்.

நாளை காலை பண்ணைக் கணக்கியல் சோதனை. பாதிதான் படித்திருக்கிறேன். நீ இல்லாதது இன்னும் பழகவில்லை. சோதனையை எழுதிப்போட்டு வாறன்.