வாய்க்காலில் ஊற்றிய பெற்றோல்

காக்கா, இன்று காலை பெற்றோல் செட்டில் என் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும்போது இரண்டு துளி கையில் தெறித்தது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் நாற்றம் போகவில்லை. உங்கள் தோப்பூர் வயலில் அன்றைக்கு அடித்த அதே நாற்றம்.

சுற்றுலாக் கம்பனியொன்றின் சின்ன விமானம் உங்கள் வரம்பில் சக்கரம் முறிந்து கிடந்தது. விமானியைக் கால் முறிந்த நிலையில் நீங்கள்தான் இழுத்தெடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தீர்கள். மறுநாள் கொழும்பிலிருந்து விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளன்.

"எஞ்சின் ரெண்டு தரம் இருமிச்சு, பிறகு சத்தமே இல்ல. களை புடுங்கின பொம்பிளையளுக்கு மேல விழாம, பொடியன் இஞ்சால திருப்பி இறக்கினான்" என்றீர்கள். அதை அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

"நேத்துப் பின்னேரம் கம்பனி ஆக்கள் வந்து பெற்றோலப் போத்தல்ல எடுத்துப் பாத்தவங்க. அடியில தண்ணி, அதான் எஞ்சின் இருமியிருக்கு. உடன டாங்கியில இருந்த முழுசையும் வாய்க்கால்ல ஊத்திப்போட்டாங்க. நான் கண்டனான்" என்றீர்கள்.

அதை நான் சொல்லவில்லை.

யாரும் என் வாயைப் பொத்தவில்லை. பெரிய அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார், அவ்வளவுதான். வயல்காரருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நானே தீர்மானித்துவிட்டேன். படித்த திமிர்! கூட வந்திருந்த, தமிழ் விளங்கிய கம்பனி முகாமையாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பும்போது தன் வாகனத்தில் ஏற்றி, குளிர்சோடா வாங்கித் தந்தார். குடித்தேன். சீ!

"நான் சொன்னதெல்லாம் சொன்னீங்களா தம்பி?" என்று கேட்டீர்கள். "ஓம் காக்கா" என்றேன்.

டாங்கி வெறுமையாக இருந்ததாம், எரிபொருள் இல்லாமல் பறந்தது விமானியின் கவனயீனமாம். அறிக்கை அப்படித்தான் வந்தது. நிறைத்துக்கொண்டுதான் கிளம்பினேன் என்று அவன் கத்தியதை யாரும் நம்பவில்லை. அவனுடைய லைசன்ஸ் போயிற்று. அந்தக் கம்பனியோ இன்றும் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு மேலே சுற்றுகிறது. வாசலில் 'பாதுகாப்பே எங்கள் உயிர்' என்று பெரிய எழுத்தில் பலகை வேறு. அதைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்புகிறேன். அவர்களை நினைத்து மட்டுமல்ல.

சந்தையில் என்னைக் காணும்போதெல்லாம், "பொடியன் பறக்கிறானா?" என்று கேட்பீர்கள். பறக்கிறான் என்பேன். "அல்ஹம்துலில்லாஹ், என்ட சாட்சி வீண்போகேல்ல" என்று என் தோளில் தட்டுவீர்கள்.

நீங்கள் இறந்தபோது ஜனாஸாவுக்கு அந்தப் பொடியனும் வந்திருந்தான், நொண்டி நொண்டி. இப்போது கிண்ணியாவில் ஒரு ஹாட்வெயாரில் சீமெந்து விற்கிறான். அன்று மொழிபெயர்த்தவன் நான்தான் என்று யாரோ காட்ட, கிட்ட வந்தான்.

"அண்ணை, அண்டைக்குக் காக்கா வேற ஏதும் சொன்னவரோ?"

நீங்கள் கிடந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இல்லை என்றேன்.

உங்கள் வாக்குமூலம் ஒரு சொல் குறையாமல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, காக்கா. நாளைக்குக் கிண்ணியாவுக்குப் போய் அவனிடம் சொல்லுவேன் என்று உங்களுக்கு எழுதலாம். என் வாயை நம்பிக் கெட்டவர் நீங்கள், அதனால் இன்னொரு வாக்குறுதியை எழுதவில்லை.