அப்பாவின் மேளத்துக்கு ஒரு பெட்டி

என் பாசத்துக்குரிய அப்பாவுக்கு,

கார் வாங்கிவிட்டேன் அப்பா. பழைய வண்டிதான், சின்னதுதான். டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை வைத்தால் நிறைந்துவிடும். சிங்காநல்லூரிலிருந்து கம்பெனிக்குப் போக இப்போது பஸ்ஸுக்குக் காத்து நிற்பதில்லை. வேலை பழையபடி அதேதான். பம்புகளின் அதிர்வையும் சத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது. அம்மாவும் என்னோடு இங்கேதான் இருக்கிறாள்.

வண்டி வந்த அன்றைக்கே உங்கள் மேளத்தைத்தான் போட்டேன். அந்தியூர்ப் பக்கத்து நம் ஊரில், மாரியம்மன் நோம்பியில் சாமி ஊர்வலத்துக்கு உங்கள் ஜமாப் மேள செட் வாசித்ததை மைக் செட்காரர் கூடவே வந்து பதிவு செய்து வைத்திருந்தார். நீங்கள் போன பிறகு அவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஜால்ரா கேட்டது, சின்ன மேளங்கள் கேட்டன. உங்கள் பெரிய மேளம் மட்டும் யாரோ மேசையைத் தட்டுவதுபோல 'டக் டக்' என்று வந்தது. பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் இறங்குமே, அது எங்கே போயிற்று? கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள வலுவில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கோபம் வந்தது.

காந்திபுரத்தில் ஒரு கார் ஆடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஒரு சப்வூஃபர் பெட்டியைக் காட்டினார். "ரெடிமேட் பொட்டியே இருக்குதுங்க மேடம். இதைப் போட்டீங்கன்னா கண்ணாடியெல்லாம் அதிருமுங்க."

"கண்ணாடி அதிர வேண்டாமுங்க. எங்கப்பா வாசிச்சது வாசிச்ச மாதிரி கேக்கோணும்."

உங்கள் பதிவை அதில் போட்டுக் காட்டினார். ஓங்கி அடித்தாலும் மெல்ல அடித்தாலும் ஒரே 'பூம்'. என் முகத்தைப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வைத்தார். "அப்பப் பொட்டிய நீங்களே செஞ்சுக்கோங்க. ஸ்பீக்கரோட அளவெல்லாம் இந்தத் தாள்ல போட்டிருக்குதுங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. உங்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற அளவுக்குப் பின்னாலும் காற்றைத் தள்ளுகிறது. பெட்டியை முழுக்க மூடிவிட்டால் பின்பக்கத்துச் சத்தம் உள்ளேயே அடங்கிப்போகும். பெட்டியில் ஒரு குழாய் வைத்தால் அந்தச் சத்தமும் வெளியே வந்து முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருகிறதே, அதேபோல இந்தப் பெட்டிக்கும் ஒரு சுரம் உண்டு. பெட்டி எவ்வளவு பெரிது, குழாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்பதை வைத்து அந்தச் சுரத்தை நாமே முடிவு செய்யலாம்.

அதை உங்கள் மேளத்தின் சுரத்திலேயே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். கடையில் கேட்ட 'பூம்' நினைவுக்கு வந்தது. ஒரே சுரத்தைத் தூக்கிப் பிடித்தால் மற்றதெல்லாம் அமுங்கிப்போகும். அதனால் பெட்டியின் சுரத்தை உங்கள் மேளத்தைவிட நன்றாகக் கீழே வைத்தேன். சின்ன வண்டியாக இருப்பதும் ஒரு வசதிதான். கதவை மூடிவிட்டால் தாழ்ந்த ஒலி அந்தக் குறுகிய இடத்துக்குள் தானாகவே பெருகும். நாம் அதட்ட வேண்டியதில்லை.

பிளைவுட் கடையில் பலகை அறுத்து வாங்கி, மூட்டுக்கு மூட்டு பசை தடவி, திருகி, உள் இடுக்கெல்லாம் சிலிகான் பூசினேன். டிக்கியில் இடம் பத்தாது என்று சின்னக் குழாயாகப் போட்டேன். அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து உங்கள் வாசிப்பைப் போட்டேன். மேளம் வந்தது அப்பா! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"நிறுத்திப்போடு கண்ணு. அவரு கடைசில மூச்சு வாங்குனாரே, அதே மாதிரி இருக்குது."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் 'புஸ்... புஸ்' என்று ஒரு இழுப்பு. சின்னக் குழாய்க்குள் காற்று நெரிசல்பட்டு அடித்துக்கொண்டு வரும் சத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்தபடியே கழித்த அந்த மாதங்களை நானே கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா வண்டிக்குள் ஏறவே மறுத்தாள். காய்கறி வாங்கக்கூட நடந்தே போனாள்.

அந்தப் பெட்டியைப் பிரித்தேன். காற்று நிதானமாகப் போய்வர நாலு அங்குலக் குழாய் வேண்டும். குழாய் அகலமானால் நீளமும் கூட வேண்டும், இல்லாவிட்டால் சுரம் மேலே ஏறிவிடும். அவ்வளவு நீளக் குழாய் பெட்டிக்குள் நேராக நிற்காது. பம்பு கம்பெனிக்காரி இதற்கா மலைப்பேன்? தண்ணீர் லைனுக்குப் போடுவதுபோல ஒரு எல்போ வைத்து வளைத்தேன். குழாயும் உள்ளே இடத்தை அடைக்கும் என்பதால் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது. பின் சீட்டின் சாய்வுக்குத் தோதாக முன்பலகையையும் சாய்த்தேன். குழாயின் வாய் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உருட்டினேன், காற்று எங்கேயும் இடறக்கூடாதென்று.

இழுப்பு போய்விட்டது. ஆனால் வேறொன்று வந்தது. பதிவின் நடுவில் ஓரிடத்தில் எல்லா மேளமும் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் 'தும்... தும்' என்று மெல்லிசாக இரண்டு சத்தம். போனில் இது கேட்டதே இல்லை. பெட்டியில்தான் கோளாறு என்று திருகுகளை முறுக்கினேன், வயர்களைக் கட்டினேன், நம்பர் பிளேட்டைக்கூடப் பிடித்துப் பார்த்தேன். அப்படியும் அதே இடத்தில் அதே இரண்டு சத்தம். அப்படியென்றால் பதிவிலேயே இருக்கிறது. யாரோ மைக்கில் இடித்திருப்பார்கள், கம்ப்யூட்டரில் போட்டு அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ள இன்னொரு முறை ஓட்டினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். கார்க் கதவைத் தட்டினாள்.

"ஏங்கண்ணு, இப்பக் கேட்டுதே, அதை மறுக்காப் போடு."

"அது ஒண்ணுமில்லம்மா. மைக்குல யாரோ இடிச்சிருக்காங்க. வெட்டி எடுத்துடறேன்."

"வெட்டாதே! அது இடிச்சதில்ல அம்மணி. உங்கப்பன்." அவளுக்கு மூச்சிரைத்தது. "சாமி நம்ம சந்து முக்குல திரும்பையில எல்லாரும் மேளத்துக் கோல நிறுத்துவாங்க. அப்ப எனக்குன்னு ரெண்டு போடுவாரு. வந்துட்டேன், எலையப் போடுன்னு அர்த்தம். கண்ணாலமான வருசத்துலிருந்து அப்படித்தான். காத்தாலிருந்து உள்ளார கேட்டுட்டே இருக்குது, எனக்குத்தான் பிரமையாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

"ஊட்டுக்குள்ள இருந்தா உனக்கு எப்படிம்மா கேக்கும்?"

"கேக்கும். செவுத்தத் தாண்டி வரும்."

நான் சோதனைக்கூடத்தில் தினமும் பார்ப்பதுதான் அப்பா. கூர்மையான சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிவிடும். தாழ்ந்த ஒலிதான் சுவரைத் தாண்டிப் போகும். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அடுப்படியில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும் போய்ச் சேருகிற மாதிரி அடிக்க எப்படிப் பழகினீர்கள்? உங்கள் செட்டில் யாருக்காவது இது தெரியுமா? பிள்ளைகள் நாங்கள் அதே வீட்டுக்குள்தானே இருந்தோம், எங்களுக்கு ஏன் கேட்கவே இல்லை?

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவை அவளே சாத்தினாள். முதலிலிருந்து போடச் சொன்னாள். அந்த இடம் வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ ஏனோ கோவத்துல எலையே போடல. மனுசன் முக்குலயே நின்னு நாலா அடிச்சுப்போட்டாரு. பூசாரி திரும்பிப் பாக்கறாரு!"

இந்தக் கதையெல்லாம் இப்போதுதான் வெளியே வருகிறது. தினமும் சாயங்காலம் நான் வந்ததும் ஒரு சுற்றுப் போய்வருகிறோம். ஆர்.எஸ்.புரம் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்க்கிறார். அம்மா அதைக் கண்டுகொள்வதில்லை. சத்தத்தைக் குறைக்கவும் விடுவதில்லை.

நீங்கள் போன பிறகு நாங்கள் நோம்பிக்கு ஊருக்குப் போகவில்லை. அம்மாவுக்கு மனசு வரவில்லை. போன வாரம் அவளாகவே கேட்டாள், "இந்தத் தடவ போயிட்டு வருலாமா கண்ணு?" என்று.

கூட்டிப்போகிறேன் அப்பா. பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, அம்மாவை அடுப்பு பற்றவைக்கச் சொல்கிறேன். உங்கள் மேளத்தை இப்போது வாசிப்பவரிடம் அந்த இரண்டு அடியைப் போடச் சொல்லமாட்டேன், அது உங்களுடையது. சந்து முக்கில் எல்லா மேளமும் நிற்கும்போது அங்கே அமைதி மட்டும் இருக்கட்டும். அந்த நேரத்தில் சாமி பார்க்க நான் வாசலில் நிற்கமாட்டேன், உள்ளே அம்மாவின் பக்கத்தில் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த பொண்ணு,
கௌசல்யா