இரண்டு வீட்டுச் சாப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கோழிக் கழுத்துகளை வெட்டினேன். ஈரல் ஒரு சிறு துண்டு, மாட்டு இதயம் கொஞ்சம். மேனேஜர் தரையில் உட்கார்ந்து மேற்பார்வை. கத்திச் சத்தம் நின்றால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஏன் நிறுத்தினாய் என்று.

அப்பா வைத்த பெயர். ஓய்வு பெற்ற மறுவாரமே நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "தலைக்கு மேல ஒருத்தர் இல்லாம எனக்கு இருக்கத் தெரியல" என்றார். இப்போது அப்பா இல்லை. மேனேஜர் ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அண்ணனிடம். ஞாயிற்றுக்கிழமை கைமாறும்.

பச்சைக் கறிக்கு மாற்றியதிலிருந்து காதைச் சொறிவது நின்றிருக்கிறது. பாதத்தை நக்குவதும் இல்லை. ஏதோ ஒன்றை நான் சரியாகச் செய்கிறேன். யாரிடம் சொல்வது?

மார்ச் 6, வியாழன்

இன்று பேசியது: கறிக்கடைக்காரரிடம் "போதும்". அது பேச்சில் சேருமா?

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு.

"அண்ணன்?"

"கீழ வண்டியிலயே உக்காந்திருக்கார்."

"கால் வலியா?"

"வாய் வலி. உங்க குடும்பத்துல வாய்னு ஒண்ணு இருக்கிறது சாருக்கு மட்டும்தான்."

சார் என்றால் மேனேஜர். அது வாலை ஆட்டி ஒப்புக்கொண்டது.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர் அப்படியே நின்றார். மேல் தட்டு முழுக்கக் கறி டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் கிழமை எழுதியிருக்கிறேன். கீழே பாதி ரொட்டி.

"நாய்க்கு நிறுத்து நிறுத்துப் போடுற. நீ என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்."

"என்னன்னு கேட்டேன்."

டப்பாவில் இரண்டைக் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். வேண்டாம் என்றார். அண்ணன் வேகவைத்துத்தான் போடுகிறானாம். அரிசி, கோழி, கேரட். வெந்நீர் வைக்கத் தெரியாதவன், நாய்க்கு மட்டும் சமைக்கிறான். "பச்சையாத் தின்னா காட்டுமிராண்டி ஆயிடுமாம். அது காட்டுமிராண்டியா இருந்தா நம்மள இப்படி வேலை வாங்குமா?"

ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டியின் கூரை தெரிந்தது. அவன் தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

மேனேஜர் இல்லாத வாரம். துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். 'மூடியைத் திறக்க முயலாதீர்கள்.' 'நீர் வடியும்வரை காத்திருங்கள்.' நாள் முழுக்க முகம் தெரியாத யாரையோ மரியாதையாக அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாடு: நின்றபடி, ரொட்டி. உட்கார்ந்தால் எதிரில் யாரும் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அப்பாவின் வீட்டைக் காலி செய்த நாளில் அண்ணன் சொன்னது — "உன்னையே உனக்குப் பாத்துக்கத் தெரியாது. நாயை எப்படிப் பாத்துப்ப?" அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. பதில் அன்றே சொல்லியிருக்க வேண்டும். டப்பாவில் கிழமை எழுதி ஒட்டுவதுதான் என் பதிலா?

மார்ச் 18, செவ்வாய்

ஞாயிறன்று வந்ததிலிருந்தே மேனேஜருக்கு வயிறு சரியில்லை. இன்று இரண்டு முறை வாந்தி. படியில் நடுவழியில் உட்கார்ந்துவிட்டது.

நாய் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்ன போடுகிறீர்கள் என்றார். சொன்னேன். அண்ணன் வீட்டில்? அதையும் சொன்னேன்.

"ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் வெந்தது. இந்த வயசுல எந்த வயிறும்மா தாங்கும்? ரெண்டு வீடு இருந்துட்டுப் போகட்டும். சாப்பாடு ஒண்ணா இருக்கணும். அண்ணன்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க."

பேசி. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்.

டாக்டர் சொன்னதை அப்படியே அண்ணனுக்குச் செய்தியாக அனுப்பினேன். "சரி" என்று வந்தது. எது சரி?

மார்ச் 20, வியாழன்

குக்கர் வாங்கினேன். அரிசி, எலும்பில்லாத கோழி, கேரட். மேனேஜர் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. நீயுமா என்பது போல. பிறகு சாப்பிட்டது.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தோற்ற மாதிரி. சொல்லாமல் செய்தால்? பெருந்தன்மை என்று எழுதப் போனேன். இல்லை, திமிர்தான்.

காது மறுபடி சொறியக்கூடும். சொறியட்டும். வயிறு முக்கியம்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி வருவதற்கு முன் குக்கரை அலமாரிக்குள் ஒளித்தேன். திருடி போல.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணிக்குக் காய்ச்சலாம். கீழே ஹார்ன். நான் இறங்குவதற்குள் மேனேஜரின் கயிற்றைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டிவிட்டு வண்டியைத் திருப்பியிருந்தான். பின்கண்ணாடி வழியே தலை மட்டும். பின்பக்கம் நரைக்க ஆரம்பித்திருக்கிறது. எப்போதிலிருந்து?

படியேற மேனேஜருக்கு நிறைய நேரம் ஆனது. நானும் கூடவே படிப்படியாக உட்கார்ந்து எழுந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

மேனேஜர் எழுந்திருக்கவே இல்லை. போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஏற்றுகிறார்கள்.

"சாப்பாட்டை ஒண்ணாக்கிட்டீங்கதானே?" என்றார் டாக்டர்.

ஆக்கிட்டேன். சத்தியமா ஆக்கிட்டேன். அப்புறம் ஏன்? நான்தான் எதையோ தப்பாப் பண்றேனா — அவன் சொன்னது சரிதானா?

ஏப்ரல் 3, வியாழன்

நாளைக்குக் கொஞ்சம் கஞ்சியும் கோழியும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கறிக்கடைக்குப் போனேன்.

"கழுத்து வேணாமா?"

"வேணாம். வேகவைக்கப் போறேன். எலும்பில்லாம குடுங்க."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "என்னம்மா, ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. போன வாரம் ஒருத்தர் வந்தார். நாய்க்கு, அந்தப் பொண்ணு வாங்குற மாதிரியே வேணும்னார். எந்தப் பொண்ணுன்னு நான் கேக்கவே இல்ல. அதே மூக்கு. கழுத்து, ஈரல், இதயம், எல்லாம் போட்டுக் குடுத்தேன்."

கறியை வாங்காமலே வந்துவிட்டேன். தெருவில் நின்று போன் செய்தேன். எடுத்தவுடனே "என்னாச்சு?" என்றான். பயந்த குரல். அப்பா இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நான் கூப்பிடும்போது இருந்த அதே குரல்.

"சார் ஆஸ்பத்திரியில இருக்கு. இப்ப பரவால்ல. அண்ணா, நீ பச்சைக் கறியா போட்ட?"

"யார் சொன்னா?"

"கறிக்கடைக்காரர்."

"அந்தாளுக்கு வாய் சும்மாவே இருக்காது."

"நான் வேகவச்சுப் போட்டேன். உன்ன மாதிரி. கேரட்டோட."

இருமுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன், நடுத்தெருவில், ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கிப் போகும் அளவுக்கு. அப்புறம் ரெண்டு பேருமே நிறுத்திட்டோம். சார் அங்க ஊசியோட படுத்திருக்கு.

"ஏன்டி சொல்லல?"

"நீ சொன்னியா?"

"காது சொறியறது நின்னுடுச்சுல்ல" என்றான். "நீ போட்டதாலதான். அதான் மாத்தினேன்."

அவ்வளவுதான் சொன்னான். வீட்டுக்கு வந்து இதை நாலு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பச்சையோ வெந்ததோ, மெல்ல மெல்ல ஒன்றுக்குக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார். இனி மாடிப்படி கூடாது. தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவதும் அதன் முதுகுக்கு ஆகாது.

அண்ணன் வீடு தரைத்தளம்.

வண்டியில் பின்சீட்டில் நானும் மேனேஜரும். அவன் ஓட்டினான். அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. என் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்தான். நான் சொல்லக் காத்திருக்கிறான் என்று புரிந்தது. இதே ஆள் போன ஞாயிறு நான் இறங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"நேராப் போ" என்றேன். "உன் வீட்டுலயே இருக்கட்டும்."

"நீ?"

"கறி நான் வெட்டித் தரேன். உனக்கு ஈரல் அளவு தெரியாது."

"தெரியாதுதான்" என்றான்.

ஏப்ரல் 9, புதன்

மேனேஜரின் கிண்ணத்தைக் கழுவினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் அது இருந்த இடத்திலேயே வைத்தேன். நடக்கும்போது இன்னும் சுற்றித்தான் போகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கையேடு முடிந்தது. கடைசி வரி: 'பயன்பாட்டில் இல்லாதபோது இணைப்பைத் துண்டித்து வையுங்கள்.'

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒரு வாரத்துக்கான டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மேனேஜர் ஓடி வந்தது. என் விரல்களை முகர்ந்தது. பிறகு பையை. அண்ணி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போக, அவர் பின்னாலேயே போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா," என்றார் அண்ணி சமையலறையிலிருந்து, "கொண்டுவந்து குடுக்கிற ஆளுக்கு இந்த வீட்டுல மரியாதையே கிடையாது."

சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழி நீளமாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலி டப்பாக்களை வாங்கி வந்தேன். ஒன்று மட்டும் கனத்தது. வீட்டுக்கு வந்து திறந்தேன். அரிசி, கோழி, கேரட். இன்னும் லேசான சூடு. மூடியில் அண்ணன் எழுத்து: ஞாயிறு.

அவனுக்குச் சமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுக்கச் சாப்பிட்டேன். உப்பே இல்லை. நாய்க்குச் செய்த பழக்கம்.

நாளைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.