லத்தீன் பள்ளியும் ஒரு வாளியும்

16 சனவரி 1996, செவ்வாய்

மகள் ரெஜினாவுக்கு எட்டாம் வகுப்பு முடியப்போகிறது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்துக் கன்னியர் மடத்துப் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படிப்பிக்கிறார்கள். அது எங்களுக்குச் சரிவருமா என்று பார்க்க, இன்று நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

காத்திருந்த இடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் ஒரே தூசி. கை சும்மா இருக்கவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வயதான சிஸ்டர் வந்தார்.

“நீர்தானே புதுசா வேலைக்கு வந்த ஆள்? மேல்மாடியிலை தொடங்கும்.”

வாளி வைக்கும் அறையின் திறப்பைக் கையில் தந்துவிட்டுப் போனார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடமாக இந்த அந்நிய ஊரில் வீடு துடைக்கிறேன்; வாளியைக் கண்டால் என் வாய் ஓம் என்றுதான் சொல்கிறது.

துடைத்ததில் ஒரு நன்மை. தாய் தகப்பனுக்குக் காட்டாததையெல்லாம் பார்த்தேன். மேசைகளுக்கு அடியில் சுவிங்கம் ஒட்டியிருக்கவில்லை. பிள்ளைகள் ஈரத் தரையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி மிதித்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் வேலைசெய்யும் வீட்டுச் சிக்னோராவின் மகன் ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல பள்ளிதான்.

படிக்கட்டுக்கு வந்தபோது உண்மையான வேலைக்காரி வந்து நின்றாள். நான் பின்கதவால் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதிலிருந்து இவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

“பிள்ளையைச் சேர்க்கப் போய், நீர் சேர்ந்திட்டு வந்திட்டீர்.”

ரெஜினா சிரிக்கவில்லை.

“நாளைக்கே போய் நீங்கள் என்ரை அம்மா எண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் அங்கை படிக்கமாட்டன்.”

சொல்லத்தான் வேண்டும். திறப்பு வேறு என் கைப்பையில் கிடக்கிறது. கொஞ்சம் நேரத்தோடு போனால், விட்டுவந்த படிக்கட்டையும் துடைத்துவிட்டுச் சொல்லலாம்.