ஜனாதிபதியின் நடை

2014 நவம்பர் 11, செவ்வாய்

விடியவே மழை. வீட்டுக்குப் போகும் ஹில்ஸ்பரோ ஏற்றத்தில் சரியான காற்று. கால் உளைவு.

செய்ய: பிளவுஸ் எடுக்க. கேக் செய்பவளுக்கு போன். நடந்து பழக.

சனிக்கிழமை மகள் ஜெனிக்குக் கல்யாணம். அவளுடைய அப்பா உயிரோடு இல்லை. தேவாலயத்தில் பீடம் வரை நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சின்ன வயதில் போலியோ வந்த கால், இந்த வருடம் முழுதாகக் கைவிட்டுவிட்டது. டொக்டர் தந்த சக்கர நாற்காலி கராஜில் கிடக்கிறது. ஊர்ச்சனம் முழுக்க வரும் இடத்துக்கு அதிலா? மாட்டேன்.

மன்னாரில் படித்த காலம் தொட்டு என் ஆள் இரண்டாம் உலகப்போர்க் காலத்து அந்த அமெரிக்க ஜனாதிபதி. அவருக்கும் போலியோ. காலில் இரும்புப் பட்டை, மகனின் கையில் இறுக்கிய பிடி, முகத்தில் சிரிப்பு. அப்படியே மேடைக்கு நடந்து போவாராம். நானும் அப்படித்தான். மகனுக்குப் பதில் தம்பி அன்ரன்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். தம்பி பென்ரோஸில் வேலை முடிந்து நேரே வந்தான். நடந்து பழகினோம். கதவடியில் விழுந்தேன். முழங்காலில் உரசல். அவனுக்குக் கோபம்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா?"

"அவர் நடந்தவர்தானே?"

"அவரும் விழுந்தவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

உண்மை. விழுந்து எழும்பிப் பேசினார்.

ஐஸ் வைத்தபடி யோசனை. வேலை இல்லாதவனுக்கு வேலை, வயதானவர்களுக்குப் பென்சன், கூலி இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு சட்டம். எவ்வளவு செய்தார்! போலியோவை ஒழிக்கச் சனத்திடம் சில்லறை சேர்க்க வைத்ததும் அவர்தான். அந்தக் காசின் பலன் ஜெனி வாயில் விழுந்த சொட்டு மருந்து. போலியோவை என் காலில் மட்டுமே பார்த்த பிள்ளை அவள். அதை நினைத்தால் அழுகை வருகிறது.

ஆனால் தன் சக்கர நாற்காலியை மட்டும் படமெடுக்க விடமாட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் அது தெரிந்தால் வோட்டு விழாது.

எனக்கு யாருடைய வோட்டு வேண்டும்?

நவம்பர் 15, சனி

மழை இல்லை. பிளவுஸ் கை இறுக்கம். நாற்காலியைச் சக்கரச் சில்லுகளோடு தம்பி துடைத்துத் தந்தான்.

தேவாலய வாசலில் ஜெனி பூச்செண்டை என் மடியில் வைத்தாள். "மம், ஐ'ல் புஷ்." கல்யாணச் சேலையோடு அவளே தள்ளினாள். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு குடும்பப் படம். படம் எடுத்த மலேசியப் பையன் குனிந்து, "அக்கா, நாற்காலி தெரியாம இடுப்புக்கு மேல எடுத்துடவா?" என்றான்.

"வேண்டாம் தம்பி. சில்லும் படத்தில விழவேணும்."