வாரன் வீட்டுப் பலகை

இன்னைக்கு காலத்த டேவ் ஒரு மரப்பலகை கொண்டு வந்தாரு. பக்கத்து வீட்டு டேவ்தான், லாரி ஓட்டி ரிட்டயர் ஆன மனுசன். கதவத் தொறந்ததுமே புதுசா எண்ணெய் தேச்ச மரத்துக்க மணம் மூக்குல ஏறிச்சு. அவரே உளி வச்சு செதுக்கினதாம், நமக்க வாசல்ல மாட்டுறதுக்கு. மேல வீட்டு நம்பரு, கீழ பெருசா பேரு: வாரன்.

"எழுத்து எல்லாம் செரியா இருக்கா, வாரன்?"ன்னு கேட்டாரு.

செரின்னேன். வேற என்னத்த சொல்ல? ரெண்டு வருசமா அந்த மனுசனுக்கு நான் வாரன் ஆக்கும். இப்ப பலகைய மேசையில வச்சிட்டு உனக்கு எழுதுறேன். மாட்டவா, இல்ல உண்மையச் சொல்லிரவா? கல்யாணம் ஆன நாளு மொதல் இப்படிப்பட்டத எல்லாம் நீதானே தீர்மானிச்ச.

ஊர விட்டு இந்த வெள்ளக்கார நாட்டுக்கு வந்து, இந்த வீட்டுக்கு சாவி கிட்டின நாளு உனக்கு ஓர்மை உண்டா? பெயிண்டு மணம் மாறல்ல. படம் மாட்ட நான் சொவத்துல ஆணி அடிச்சேன். ஆணி அட்டையத் தொளச்சு உள்ளோட போயி எங்கயோ 'டொக்'னு விழுந்துது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிச்ச நான் சொவத்தப் பாத்துட்டு நிக்கேன். நீ வெரல் மடக்கி தட்டிப் பாத்துட்டு, "இது வீடில்ல மக்கா, பிஸ்கட்டு டப்பா ஆக்கும்"ன்ன. பின்னால வெண்டைக்கா வெதை போட தோண்டினப்ப, புல்லுக்கு அடியில அரைச் செங்கல்லு, ஒத்தக் கையுறை, காப்பிக் கப்பு. "இன்னும் ரெண்டு வெட்டு வெட்டினா மேஸ்திரியே கெடைப்பாரு"ன்னு சொன்ன. சனிக்கிழமை ஊரு நடுவுல கூடின சந்தையப் பாத்துட்டு, "இதையா சந்தைன்னு சொல்றாவ? நமக்க பாறசாலையில ஒரு மீன்காரி இத விட அதிகம் சத்தம் போடுவா"ன்ன.

மூணாவது வாரம் காத்துல வேலி சரிஞ்சுது. எனக்கு பிளான் படிக்கத் தெரியும், டேப் பிடிச்சு அளந்தேன். டேவுக்க வேலிக் கம்பு நமக்க பக்கம் ஒரு சாண் உள்ள நிக்குது. உன்கிட்ட சொல்லாம இருந்திருக்கணும். சொல்லிட்டேன்.

உனக்க வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், எனக்க வீடு இந்தப் பக்கம், கொல்லயில்ங்கிற ஊருல. எல்லைப் போராட்ட வருசங்கள்ல உனக்க தாத்தாவும் எனக்க தாத்தாவும் ஒரே ஜாதா ஊர்வலத்துல, நம்ம ஊருகள தமிழ்நாட்டோட சேக்கணும்னு தொண்ட கிழிய கத்தினவங்க. போலீசு தொரத்தினப்ப ஒரே மரச்சீனிக்கெழங்கு விளையில ஒளிஞ்சவங்க. கடசியில கோடு போட்டப்ப உனக்க தாத்தா தமிழ்நாடு, எனக்க தாத்தா கேரளம். கல்யாணப் பந்தல்ல வச்சே நீ எனக்க காதுல சொன்ன: "உங்க தாத்தாவுக்கு சத்தம் பத்தல்ல. இன்னும் கொஞ்சம் உரக்க விளிச்சிருந்தா நீங்களும் எங்க கூட ஆக்கும்."

அப்படிப்பட்டவகிட்ட போயி ஒரு சாண்னு சொன்னா? "எங்க தாத்தா ஒரு தாலூக்க மீட்டவரு. நான் சாண விடுவேனா?"ன்னு துப்பட்டாவ இடுப்புல கெட்டிட்டு இறங்கின. ஜன்னல் வழியா பாத்தேன். மழையில அரைக்கால் டவுசரோட டேவ் சுத்தியலும் கையுமா நிக்காரு. நீ கைய வீசிப் பேசுற. அவரு தலைய ஆட்டுறாரு. பத்து நிமிசத்துல திரும்பி வந்த, கையில ஒரு குப்பி பிளம் ஜாம்.

"பாவம் மக்கா, பெண்டாட்டி செத்து ஒத்தைக்கு இருக்காரு. சாண் போனா போட்டும்."

ஜாமுக்கு நாட்ட வித்தவ நீ.

அதுக்கு அடுத்த நாளு வேலிக்கு மேல தலை: "மார்னிங், வாரன்!" எனக்கு பின்னால வேற யாராவது நிக்காங்களான்னு திரும்பிப் பாத்தேன். பிறவுதான் வெளங்கிச்சு. நீ தினமும் ஆஸ்பத்திரி டூட்டிக்கு இறங்கும்போ வாசல்ல நின்னு தொண்ட தொறந்து "வாறேன்!"ன்னு சொல்லுவ. நம்ம ஆளுவ யாரும் போறேன்னு சொல்லிட்டு எறங்க மாட்டமே. பிஸ்கட்டு டப்பாச் சொவரு, டேவுக்க அடுக்களை வரைக்கும் கேட்டிருக்கு. புருசன விளிக்கிறான்னு அவரு நெனச்சிட்டாரு. வாரன்னு இங்க ஆம்பளையளுக்கு பேரு உண்டு. எனக்க உண்மையான பேரு எட்வின், அது அவரு காதுல விழ வழியே இல்ல. எத்தனையோ பேருக்கு ஊசி போடுற நர்ஸ் நீ, ஆனா புருசன் பேரச் சொன்னா அவனுக்க ஆயுசு குறையும்னு அத ஒருநாளும் சொன்னதில்ல.

நான் சொன்னதும் நீ பாத்திரம் கழுவுற சிங்க்கப் பிடிச்சிட்டு சிரிச்ச. "ஊருல உங்களுக்கு மிஷன்காரங்க வழியா வந்த வெள்ளக்காரப் பேரு. இங்க வெள்ளக்காரன் உங்களுக்கு தமிழ்ப் பேரு வச்சிருக்கான்!" திருத்தப் போன என்ன தடுத்தது நீதான். "சும்மா இருங்க. தினமும் வாறேன் வாறேன்னு சொல்றாரே தவிர ஒருநாளும் வந்தபாடில்ல. ஒருநாள் கூப்பிட்டு புட்டு குடுக்கணும்."

அந்த செவ்வாக்கிழமை நான் சிங்குக்கு அடியில தலைய விட்டு, ஒழுகுற பைப்பப் பாத்துட்டு கெடந்தேன். நீ வாறேன்ன. எப்பவும் நான் "செரி, வா"ன்னு சொல்லுவேன். அன்னைக்கு டார்ச்ச பல்லுல கடிச்சிருந்தேன். பேச ஒக்கல்ல. பஸ் ஸ்டாப்புல நீ விழுந்த. மூளையில ரத்தக்கொழாய் பொட்டிச்சுன்னு டாக்டர் படம் வரைஞ்சு காட்டினாரு. சர்க்யூட் படம் மாதிரி இருந்துது. எந்த எடத்துல தப்புன்னு நான் ரொம்ப நேரம் பாத்தேன்.

நீ பேரு சொல்லாம எனக்க ஆயுசக் காத்த. உனக்க பேர நான் ஒரு நாளைக்கு நூறு தடவ விளிச்சேன் பிள்ளே, அதுல உனக்க ஆயுசு குறையுமோன்னு எனக்கு தோணவே இல்ல. அதுனால உனக்க பேர இந்தக் கடுதாசியில எங்கயும் எழுதல்ல. இனி எதுக்குன்னு நீ கேப்ப. தெரியாது.

உனக்க அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு வேலிக்கு அந்தப் பக்கம் பைய ஒரு சத்தம்: "மார்னிங், வாரன்." எனக்க வாயில தானா வந்துது: "செரி, வா." அது நமக்க பாஷையில குட்மார்னிங்னு டேவ் நெனச்சிட்டாரு. போஸ்ட்காரருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் அவரு சொல்லிக் குடுத்தாச்சு. இப்ப இந்தத் தெருவுல மூணு வெள்ளக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் "செரி வா"ன்னு சொல்லிட்டு நடக்காங்க, கேட்டியா.

இத எழுதிட்டு இருக்கும்போ பெல்லு. திரும்பவும் டேவ், ஸ்க்ரூ தர மறந்துட்டாராம். நான் சொல்லிட்டேன். எனக்க பேரு எட்வின்னும், நீ விளிச்சது பேரே இல்லன்னும், திரும்பி வருவேன்னு சொல்றது ஆக்கும்னும். மனுசனுக்க மூஞ்சி செவந்துது. பலகையத் தா, செத்திக் களைஞ்சிட்டு எட்வின்னு செதுக்குறேன்னு கை நீட்டினாரு. நான் குடுக்கல்ல.

பிறவு ரெண்டு பேருமா வாசலுக்கு எறங்கினோம். அவரு பலகையப் பிடிச்சாரு, நான் ஸ்க்ரூவ முறுக்கினேன். வெளிச்சொவரு செங்கல்லு, நல்லா நின்னுது. நீ இருந்தா நம்ப மாட்ட.

கேட்டுக்கு வெளிய போன டேவ் திரும்பி நின்னாரு. ஸ்க்ரூ முறுக்கும்போ நான் சொல்லிக் குடுத்த மாதிரி நாக்க மடக்கி, "வாறேன்"ன்னாரு. இந்தத் தடவ 'ற' செரியா வந்துது.

எனக்க வாயில டார்ச்சு இல்ல. பலகையப் பாத்துட்டு தெருவுக்கே கேக்க சொன்னேன்: செரி, வா.