ஸ்விம்மிங் பாத்தின் ஆழப் பக்கம்

சனி, ஏப்ரல் 11

காலையிலேயே வெயில். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுத் தூசி, துணி காயப்போட முடியாத காற்று. எனக்கென்ன, நான் இன்றைக்குத் தண்ணீரில்!

கிளப் ஸ்விம்மிங் பாத். துரைமார் காலத்தில் வேலிக்கு வெளியே நின்று சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டதோடு சரி. இப்போது சனி, ஞாயிறு காலை பெண்களுக்கு. இந்த வருஷம் முதல் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் சேரலாம். சேர்ந்துவிட்டேன். கடல் வரும் புத்தகம் எத்தனை படித்திருப்பேன்! வாளியைவிட ஆழமான தண்ணீரில் கால் வைத்தது இன்றுதான்.

உடுப்பு: அண்ணனின் பைஜாமா, முழங்காலோடு வெட்டியது. மேலே இறுக்கித் தைத்த ஜிப்பா. அம்மா: "இன்னாடி இது, சர்க்கஸ்ல சேந்துட்டியா?"

கற்றுக்கொடுப்பது டாரதி மிஸ், ஆஸ்பத்திரி நர்ஸ். ஆங்கிலோ இந்தியர். திட்டுவது மட்டும் சுத்தமான நம்ம ஊர்த் தமிழில். "மூக்கப் புடிக்காதே மே! அது எங்கியும் ஓடிப் போவாது!"

மனித உடல் தண்ணீரில் மிதக்கும் என்று ரீடிங் ரூம் புத்தகத்தில் போட்டிருந்தது. என் உடல் அதைப் படிக்கவில்லை. நேராக அடிக்கு.

ஞாயிறு 12

தொடை வலி, தோள் வலி. ஒரு காதில் இன்னும் தண்ணீர். ஒரே சந்தோஷம்.

ஜோடி போட்டார்கள். எனக்குக் கமலாக்கா. அவள் வீட்டுக்காரர் நந்திதுர்க் சுரங்க ஷாஃப்டில், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்குப் பெல் அடிப்பவர். ஒருத்தி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்த, மற்றவள் கயிற்றைப் பிடித்தபடி கரையோடு நடக்க வேண்டும். நல்ல வலுவான கை அவளுக்கு.

மிஸ் சொன்ன செய்தி: ஊருக்கே தண்ணீர் தரும் பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். அடுத்த ஞாயிறோடு பாத்தைப் பூட்டுகிறார்கள். அன்றைக்கு ஆழப் பக்கத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கயிறில்லாமல் கடப்பவர்களுக்கு, நீந்தத் தெரியும் என்று கிளப் கார்டு. மற்றவர்கள் அடுத்த வருஷம், மறுபடி முதலிலிருந்து.

அடுத்த வருஷம் நான் எந்த ஊரில், யார் வீட்டில்? அதெல்லாம் முடியாது. அடுத்த ஞாயிறுதான்.

புதன் 15

பள்ளியில் மூன்றாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்தல். மேஜைக்கு அடியில் காலை உதைத்துப் பழகினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்து, "எறும்பா டீச்சர்?" ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, "எவ்ளோ ஆழம்மா அது?"

"எட்டடிப்பா."

பொத்தான் போட்ட கை நின்றுவிட்டது. "எட்டடியா! பாத்து, பாத்து."

பூமிக்குள் ஒரு மைலுக்கும் கீழே இறங்கப்போகிற மனுஷர். சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு வரவில்லை.

வாங்க: சீயக்காய். சிவப்பு மை. ரப்பர் தொப்பி (பஜாரில் கிடைக்குமா?).

சனி 18

கமலாக்காவை என்ன செய்தால் தகும்!

இன்று முதன்முதலாக ஆழப் பக்கம். "பயந்தா கயித்த இழு, அவ உன்ன இழுத்துக்குவா" என்றாள் மிஸ். பாதி தூரத்தில் கீழே பார்த்துத் தொலைத்தேன். தரை தெரியவில்லை, வெறும் பச்சை. வெடுக்கென்று கயிற்றை ஒரு இழு. அவள் பதிலுக்கு இழுக்கவே இல்லை. கயிறு தொய்கிறது, கரையில் கமலாக்கா சிலை மாதிரி. மடக் மடக்கென்று தண்ணீர் உள்ளே. கையும் காலும் அடித்து எப்படியோ படிக்கு வந்தேன்.

"ஏன்க்கா இழுக்கல!"

"நீதானே மே ஒரு தரம் இழுத்தே? கேஜ் ஓடறப்ப ஒரு பெல்லுன்னா நிறுத்து. நின்னேன். உங்கப்பாவும் அண்டர்கிரவுண்டுதானே, இதுகூடவா சொல்லித் தரல?"

மிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ கமலா, இது கேஜ் இல்ல, பொண்ணு!"

"அதான் மிஸ், பொண்ணாச்சேன்னு டக்குனு நிறுத்திட்டேன்."

சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் இருமல். எனக்கும் தெரிந்த விஷயம்தான். தண்ணீரில் யாருக்கு ஞாபகம் வரும்?

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. கயிறு தொய்ந்திருந்தது. அப்படியானால் படிவரை என்னைக் கொண்டுவந்தது யார்? நடுரோட்டில் நின்றுவிட்டேன். சைக்கிள்காரன் மணி அடித்தான்.

ஞாயிறு 19

மேகம். தண்ணீர் ஐஸ். சாப்பிடப் பிடிக்கவில்லை, அரை இட்லி.

வரிசையில் நான் கடைசி. கமலாக்கா முன்னாலேயே கடந்துவிட்டாள், ஊரையே நனைத்துக்கொண்டு. என் முறை. இடுப்பில் கயிறு இல்லாதது உடுப்பு இல்லாத மாதிரி கூச்சம். விசில். குதித்தேன்.

கை, கை, மூச்சு. கீழே அதே பச்சை. இந்தத் தடவை வேண்டுமென்றே பார்த்தேன், அழகாகக்கூட இருந்தது. பிறகு எதுவும் நினைக்கவில்லை. திடீரென்று விரலில் சொரசொரப்பு. சுவர்!

தலையைத் தூக்கினால் ஒருவரும் என் பக்கம் இல்லை. கமலாக்கா படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எல்லாரும் அவளைச் சுற்றி, மிஸ் அவள் முழங்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டு.

"மிஸ், கடந்துட்டேன்!"

"எப்போ? நான் பாக்கலியேம்மா. பாக்காம எப்படிக் கார்டு எழுதறது? இன்னொரு தரம் போறியா? களைப்பா இருந்தா வேணாம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு கண்ணும் படாத அந்த முதல் தடவை முழுக்க எனக்கே.

கமலாக்கா முழங்காலைப் பிடித்தபடியே கத்தினாள்: "போ மே! கண்ணக் கொட்டாம பாக்கறோம்!"

அவள் சொல்லி முடிக்கும்போது நான் தண்ணீரில்.